கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை என்றால் மூட்டில் ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நல்ல கட்டுரை. எத்தனை நாளில் நடக்கலாம், என்ன பயிற்சி செய்ய வேண்டும், மாடிப்படி எப்போது ஏறலாம் எல்லாம் தெளிவாக இருந்தது. கடைசிப் பத்தியில் மட்டும், அரிதாகக் கிருமித் தொற்று வரலாம், அதற்கு ஆன்டிபயாட்டிக் இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கட்டுரை முடிந்துவிட்டது. என் அக்கா அந்த ஒரு வரிக்குள் 14 மாதம் கிடந்தாள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மருத்துவர் அல்ல. மருத்துவமனை லேபில், நுண்ணுயிரியல் பிரிவில், 31 ஆண்டுகள் டெக்னீஷியனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சளி, சிறுநீர், ரத்தம், சீழ் என்று எது வந்தாலும் அதைக் கிருமிக்கு உணவு வைத்த பிளேட்டில் கோடு போட்டு இன்குபேட்டரில் வைத்து, மறுநாள் காலை என்ன வளர்ந்திருக்கிறது என்று பார்த்து எழுதுவது என் வேலை. இப்படி வளர்த்துப் பார்ப்பதற்குத்தான் கல்ச்சர் என்று பெயர். அப்படிப்பட்ட எனக்கே, சொந்த அக்காவின் காலில் நடந்தது என்ன என்பது தாமதமாகத்தான் உறைத்தது.

அக்காவுக்கு வலது முழங்காலில் மூட்டு மாற்றினார்கள். அறுவை நன்றாகவே முடிந்தது. இரண்டாம் நாளே வாக்கர் பிடித்து நடந்தாள். வீட்டுக்கு வந்த பிறகு தையல் கோட்டின் கீழ் முனையில், ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஈரம். சீழ் இல்லை, நாற்றம் இல்லை, காய்ச்சல் இல்லை. காலையில் வைத்த கட்டுத்துணியை மாலையில் எடுத்தால் நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு மஞ்சளாக ஒரு கறை, அவ்வளவுதான். பன்னிரண்டாம் நாள் காட்டினோம். மேலாகத்தான் கசிகிறது, பயப்பட வேண்டாம் என்று ஏழு நாளுக்கு மாத்திரை எழுதினார்கள். மாத்திரை போட்டதும் காய்ந்தது. நிறுத்திய ஐந்தாம் நாள் மறுபடி ஈரம். வேறு மாத்திரை, பத்து நாள். காய்ந்தது. நிறுத்தினோம், கசிந்தது. இன்னொரு முறை.

போட்டால் காய்வதும் நிறுத்தினால் கசிவதுமான இந்தப் போக்கைப் பார்த்தவுடன் எனக்கு மணி அடித்திருக்க வேண்டும். ரத்தத்திலும் திசுவிலும் தனித்தனியாகத் திரியும் கிருமிகளை மருந்து கொன்றுவிடுகிறது, அதனால் கசிவு நிற்கிறது. ஆனால் உலோகத்தின் மேல் ஒட்டிக் குடியிருக்கும் கூட்டம் அப்படியே இருக்கிறது. மருந்து நின்றதும் அந்தக் கூட்டத்திலிருந்து புதிதாகச் சில கிளம்பி வெளியே வருகின்றன. கிருமிகளின் அந்தக் குடியிருப்புக்குத்தான் பயோஃபிலிம் என்று பெயர். தமிழில் உயிர்ப்படலம், நுண்ணுயிர்ப் படலம் என்றெல்லாம் எழுதுகிறார்கள். படலம் என்றாலே போதும்.

படலம் எப்படி இருக்கும் என்று பார்க்க லேப் வேண்டாம். காலையில் பல் துலக்குவதற்கு முன் நாக்கால் பற்களைத் தடவினால் ஒரு வழுவழுப்பு தெரிகிறதே, அதுவும் படலம்தான். 1680-களில் ஹாலந்துக்காரர் லீவன்ஹுக், தன் பல்லிடுக்கில் சேர்ந்த வெள்ளை மாவை எடுத்துத் தானே செய்த லென்ஸ் வழியாகப் பார்த்தார். உள்ளே குட்டிக் குட்டி உயிர்கள் நெளிந்தன. வினிகரால் வாயைக் கொப்பளித்துவிட்டு மறுபடி பார்த்தார். மாவின் மேல்பக்கம் இருந்தவைதான் செத்திருந்தன, வினிகர் உள்ளே போகவில்லை என்று லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்துக்கு எழுதினார். இத்தனை நூற்றாண்டு கழித்து என் அக்காவின் முழங்காலில் மாத்திரை செய்ததும் அதேதான்.

லேபில் இதைக் கண்ணால் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. ரத்தக்குழாயில் செருகிய கதீட்டர் என்ற மெல்லிய குழாய்களால் வரும் தொற்றுகளை ஆராய்ந்த கிறிஸ்டென்சன் குழுவினர் 1982-இல் வெளியிட்ட முறை அது. எங்கள் பிரிவில் பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் தவறாமல் செய்து காட்டுவேன். இரண்டு கண்ணாடிக் குழாய்களில் கிருமி வளரும் திரவத்தை ஊற்றி, இரண்டு வகை ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமிகளைப் போட்டு ஒரு நாள் வைப்போம். மறுநாள் இரண்டும் ஒன்றுபோலக் கலங்கியிருக்கும். திரவத்தைக் கொட்டிவிட்டு மெதுவாகக் கழுவினால் இரண்டும் சுத்தமான கண்ணாடியாகத் தெரியும். பிறகு சாயம் ஊற்றிக் கொட்டி, தலைகீழாகக் கவிழ்த்து உலர வைப்போம். ஒரு குழாயில் ஒன்றும் இருக்காது. மற்றதன் உள்சுவர் முழுக்க ஊதா நிறத்தில் ஒரு தோல் ஒட்டியிருக்கும். விரலில் கையுறை மாட்டித் தேய்த்தாலும் சுலபத்தில் வராது. கழுவிய பிறகு அந்தக் குழாயைப் பார்த்தவர் யாரும் அங்கே ஏதோ இருக்கிறது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். சாயம் ஊற்றியதால்தான் தெரிந்தது.

உடம்புக்குள் சாயம் ஊற்றிப் பார்க்க முடியாது.

செயற்கை மூட்டு, எலும்பில் பொருத்தும் தட்டு, ஸ்க்ரூ, இதய வால்வு, பேஸ்மேக்கர் கம்பி, டயாலிசிஸ் கதீட்டர், சிறுநீர் வெளியேறச் செருகும் குழாய் எதுவானாலும் கதை ஒன்றுதான். உள்ளே வைத்த சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் இருக்கும் ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோநெக்டின் போன்ற புரதங்கள் அதன்மேல் பூசிக்கொள்கின்றன. தோலில் சாதுவாக வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் போன்ற கிருமிகளிடம் அந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் இருக்கின்றன. முதலில் தளர்வாக ஒட்டும், அப்புறம் கெட்டியாகும். பிறகு ஒருவகைச் சர்க்கரைப் பசையையும், செத்த கிருமிகளின் டி.என்.ஏ.வையும், புரதங்களையும் குழைத்துத் தங்களைச் சுற்றிக் கூரையும் சுவரும் கட்டிக்கொள்ளும். சில மணி நேரத்தில் தொடங்கும் வேலை, சில நாட்களில் குடியிருப்பாக நிமிர்ந்துவிடும். அதில் நீர் ஓடும் வாய்க்கால்கள்கூட இருக்கும். இடம் நிறைந்ததும் சிலவற்றை வெளியே அனுப்பி வேறு இடம் பிடிக்கும். கனடாவில் பணியாற்றிய பில் காஸ்டர்டன் என்ற விஞ்ஞானி 1978-இலேயே, கிருமிகள் தனியாக நீந்துவதைவிட இப்படி ஒட்டி வாழ்வதுதான் அவற்றின் இயல்பு என்று விளக்கி எழுதினார். 1982-இல் அவர் குழு, தொற்று ஏற்பட்ட பேஸ்மேக்கர் கம்பி ஒன்றை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, அதன்மேல் படிந்திருந்த படலத்தைக் காட்டியது.

உலோகமோ பிளாஸ்டிக்கோ இருந்தால் எவ்வளவு குறைவான கிருமி போதும் என்பதை 1957-லேயே எலெக், கோனன் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் செய்து பார்த்திருக்கிறார்கள். வெறும் தோலுக்குள் சீழ் பிடிக்க வைக்கப் பல பத்து லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டுத் தையல் நூல் இருந்தபோது சில நூறே போதுமானதாக இருந்தது. ஒரு நூலுக்கே அப்படி. முழங்கால் மூட்டின் பரப்பை நினைத்துப் பாருங்கள். அந்தப் பரப்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது. வெள்ளை அணுக்கள் அங்கே போய்ச் சேர்ந்தாலும் வழவழப்பான பரப்பில் திணறுகின்றன. நம் உடம்பின் செல்கள் முதலில் ஒட்டிக்கொண்டால் நமக்கு நல்லது, கிருமி முந்திக்கொண்டால் இடம் அதற்குச் சொந்தம். 1987-இல் கிரிஸ்டினா என்ற எலும்பு மருத்துவர் இதைப் பரப்பைப் பிடிக்கும் ஓட்டப் பந்தயம் என்று எழுதினார். அறுவை அரங்கில் காற்றைச் சுத்தப்படுத்துவது, தோலைக் கிருமிநீக்கம் செய்வது, கத்தி வைப்பதற்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் போடுவது எல்லாம் இந்தப் பந்தயத்தில் நம் பக்கத்தை முன்னால் ஓட வைக்கத்தான்.

படலம் ஒருமுறை நிலைத்துவிட்டால் மருந்து ஏன் வேலை செய்வதில்லை? எல்லோரும் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டது என்று நினைக்கிறார்கள். இங்கே பெரும்பாலும் அது இல்லை. அக்காவின் ரிப்போர்ட்டில் பின்னால் வந்த கிருமிக்கு எதிரே, அவள் விழுங்கிய அதே மருந்துக்கு நேராக, 'எஸ்' என்ற எழுத்துதான் இருந்தது. அதாவது அந்த மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி. அதைப் பார்த்து அக்கா மகன், "இந்த மருந்துக்குச் சாகும்னு போட்டிருக்கே சித்தி, அப்புறம் எப்படி உயிரோட இருந்தது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. எந்த மருந்துக்குக் கிருமி சாகும் என்று பார்க்க லேபில் நாங்கள் செய்யும் சென்சிட்டிவிட்டி சோதனை, வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் தனிக் கிருமிகளை வைத்துச் செய்வது. படலத்தின் அடியில் இருப்பவை அப்படிப் பெருகுவதில்லை. ஆக்ஸிஜனும் உணவும் குறைந்த இடத்தில் கிட்டத்தட்டத் தூங்குகின்றன. நம்முடைய பல மருந்துகள் வளரும் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் கெடுப்பவை. கட்டுவதையே நிறுத்திவிட்ட கிருமியிடம் அவை என்ன செய்யும்? 1944-இல் ஜோசப் பிக்கர் என்பவர் ஸ்டெஃபைலோகாக்கஸ் மேல் பெனிசிலின் ஊற்றிப் பார்த்து, எவ்வளவு ஊற்றினாலும் மிகச் சில மட்டும் பிழைத்துக்கொள்வதைக் கண்டார். பிழைத்தவற்றை எடுத்து மறுபடி வளர்த்தால், அவற்றின் வாரிசுகள் அதே பெனிசிலினுக்குச் சாதாரணமாகச் செத்தன. பழகவில்லை, பதுங்கியிருந்தன. படலத்துக்குள் இப்படிப் பதுங்குபவை ஏராளம். தனியாக நீந்தும் கிருமியைக் கொல்லும் அளவைவிட நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு மருந்து தேவைப்படலாம். அவ்வளவு மருந்தை மனித உடம்பு தாங்காது.

சரி, அக்கா விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றாவது முறை மாத்திரைக்குப் பிறகு கசிவு நின்றேவிட்டது. தோல் மூடிக்கொண்டது. எல்லோரும் நிம்மதி அடைந்தோம், நானும்தான். ஆனால் வலி மட்டும் போகவில்லை. நடக்கும்போது வலித்தால் புரிந்துகொள்ளலாம். இவளுக்கு உட்கார்ந்திருக்கும்போதும் வலி, நள்ளிரவில் புரண்டு படுத்தாலும் வலி. பயிற்சி போதவில்லை என்றார்கள். "நான் சோம்பேறித்தனம் பண்றேன்னு எல்லாரும் நினைக்கிறாங்கடி," என்று ஒருநாள் என்னிடம் சொல்லி அழுதாள். அன்று அவள் காலில் ஐஸ் பை இருந்தது. பயிற்சி அட்டவணைத் தாளில் ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் டிக் போட்டு வைத்திருந்தாள், ஒரு நாள்கூட விடவில்லை.

ஆறாம் மாதம் மறுபடி மாத்திரை தொடங்கி, அதற்குப் பிறகு முட்டியிலிருந்து ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். மாத்திரை முதலில், சாம்பிள் பிறகு. இரண்டு நாளில் ரிப்போர்ட் வந்தது: வளர்ச்சி இல்லை. தொற்று இல்லை என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

வளரவில்லை என்பதும் தொற்று இல்லை என்பதும் ஒன்றல்ல. மருந்து உள்ளே இருக்கும்போது நீரில் மிதக்கும் கிருமிகள் செத்துப்போயிருக்கும். மிச்சம் உலோகத்தில் ஒட்டியிருக்கும், ஊசிக்கு வராது. வந்தாலும் பாதி மயக்கத்தில் இருப்பவை இரண்டு நாளில் பிளேட்டில் தலை காட்டாது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் டிராம்புஸ் குழுவினர் செய்து 2007-இல் வெளியான ஆய்வு இதற்குக் கணக்கே சொல்கிறது. கழற்றி எடுத்த செயற்கை இடுப்பு, முழங்கால் மூட்டுகளை நீரில் மூழ்க வைத்து, அல்ட்ராசவுண்ட் அதிர்வு கொடுத்துப் படலத்தை உதிர்த்து, அந்த நீரைக் கல்ச்சர் செய்தார்கள். அறுவைக்கு முந்தைய 14 நாளுக்குள் ஆன்டிபயாட்டிக் எடுத்திருந்தவர்களில், வழக்கமான திசுக் கல்ச்சர் 45 சதவீதத் தொற்றைத்தான் பிடித்தது. அதிர்வு கொடுத்து எடுத்த நீர் 75 சதவீதத்தைப் பிடித்தது. அதாவது மாத்திரை போட்டுவிட்டுத் திசுவை அனுப்பினால், தொற்று உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஒன்றும் வளரவில்லை என்று எழுதிவிடுவோம்.

நானும் அப்படி எழுதியிருக்கிறேன். இதைச் சொல்லாமல் மற்றவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. வேலையில் சேர்ந்து பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். ஒரு நோயாளியின் இடுப்பு மூட்டிலிருந்து திசுத் துண்டு ஒன்று வந்தது. சீட்டில் 'காயத் திசு' என்று மட்டும் இருந்தது, உள்ளே உலோகம் இருப்பதாக ஒரு வார்த்தை இல்லை. மூன்றாம் நாள் திரவக் குழாயில் மட்டும் லேசாகக் கலங்கல். எடுத்துப் போட்டால் எபிடெர்மிடிஸ். தோலில் இருப்பதுதானே, எடுக்கும்போது கலந்திருக்கும் என்று முடிவு செய்து, 'தோல் கிருமி, கலப்பாக இருக்கலாம்' என்று எழுதி பிளேட்டைக் கழிவுக்கு அனுப்பிவிட்டேன். எட்டு மாதம் கழித்து அதே பெயர், அதே கிருமி, இந்த முறை நாலு துண்டுகளிலும். பழைய பதிவேட்டைப் புரட்டி என் கையெழுத்தைப் பார்த்தேன். அதற்குப் பிறகு காயத் திசு என்று எந்தச் சீட்டு வந்தாலும் வார்டுக்குப் போன் போட்டு, உள்ளே தட்டோ மூட்டோ இருக்கிறதா என்று கேட்காமல் நான் பிளேட் போட்டதில்லை.

ஒரே ஒரு துண்டை அனுப்பினால் அது கலப்பா, தொற்றா என்று எந்த லேபாலும் சொல்ல முடியாது. அதனால்தான் ஐந்தாறு இடங்களிலிருந்து, ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி வைத்து, தனிப் புட்டியில் எடுக்கச் சொல்கிறார்கள். 1998-இல் ஆக்ஸ்ஃபோர்டில் அட்கின்ஸ் குழுவினர் காட்டியபடி, மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சாம்பிள்களில் ஒரே கிருமி வந்தால் அது கலப்பல்ல. பிளேட்டுகளையும் இரண்டு நாளில் தூக்கிப்போடக் கூடாது. தோள்பட்டை மூட்டுகளில் அடிக்கடி வரும் க்யூட்டிபாக்டீரியம் ஆக்னஸ் போன்றவை வளர 14 நாள்கூட ஆகும்.

எட்டாம் மாதம் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் வைத்ததுமே, மூட்டின் கீழ்த் தட்டுக்கு அடியில் எலும்புக்கும், மூட்டை எலும்போடு ஒட்டவைக்கும் சிமென்ட்டுக்கும் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு ஒன்றைப் பேனா முனையால் காட்டினார். மூட்டு தளர ஆரம்பித்திருந்தது. அவர் கேட்ட முதல் கேள்வி, "மாத்திரை கடைசியாக எப்போது போட்டீர்கள் அம்மா?" எல்லா ஆன்டிபயாட்டிக்கையும் நிறுத்தி இரண்டு வாரம் காத்திருந்துதான் ஊசி போட்டு நீர் எடுத்தார். அதில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை எகிறியிருந்தது. அறுவை செய்து மூட்டைக் கழற்றினார். ஆறு திசுத் துண்டுகள், ஆறு புட்டிகள். கழற்றிய மூட்டை மூடிய பெட்டியில் லேபுக்கு அனுப்புவதற்கு முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் பெட்டியின் மூடி வழியாகப் பார்த்தேன். கடையிலிருந்து வந்ததுபோலப் பளபளவென்று இருந்தது. சிமென்ட் ஒட்டியிருந்த இடம் தவிர எங்கும் ஒரு கறை இல்லை. நாலாம் நாள் ஆறில் நாலு துண்டுகளிலும், அதிர்வு கொடுத்து எடுத்த நீரிலும் எபிடெர்மிடிஸ் வளர்ந்தது.

பிறகு இரண்டு கட்டச் சிகிச்சை. முதலில் ஆன்டிபயாட்டிக் கலந்த சிமென்ட்டால் ஒரு தற்காலிக மூட்டு. மருந்தைச் சிமென்ட்டிலேயே கலந்து எலும்புக்குப் பக்கத்தில் வைக்கும் இந்த யோசனையை 1970 வாக்கில் ஜெர்மனியின் ஹாம்பர்கில் புக்ஹோல்ட்ஸ் என்ற மருத்துவர் கொண்டுவந்தார். ரத்தத்தின் வழியே கொடுக்க முடியாத அளவு மருந்து அந்த இடத்தில் மட்டும் கிடைக்கிறது. ஆறு வாரம் மருந்து, அப்புறம் மருந்தில்லாமல் ஒரு காத்திருப்பு, அதன்பின் புது மூட்டு. இதற்குள் அக்காவின் தொடைத் தசை பாதியாக வற்றிவிட்டது. இப்போது நடக்கிறாள். கைத்தடி உண்டு.

என் மனசில் ஆறாமல் இருப்பது அந்த முதல் நாலு வாரம். தொற்று புதிதாக இருந்து, மூட்டு எலும்பில் உறுதியாக இருந்தால், சீக்கிரமே திறந்து கழுவி, கெட்ட திசுவை வெட்டி, நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டை மட்டும் மாற்றி, மூட்டைக் காப்பாற்ற ஒரு வாய்ப்பு இருக்கிறது. படலம் அப்போது இன்னும் இளசு. 1998-இல் சுவிட்சர்லாந்தின் ஸிம்மர்லி குழுவினர் இப்படிப்பட்ட நோயாளிகளுக்குத் திறந்து சுத்தம் செய்த பிறகு, சிப்ரோஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாட்டிக்கோடு ரிஃபாம்பிசின் என்ற இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சிகிச்சையை முழுதாக முடித்தவர்களில், ரிஃபாம்பிசின் சேர்த்த 12 பேரில் 12 பேருக்கும் குணம், சேர்க்காத 12 பேரில் 7 பேருக்குத்தான் குணம். சின்ன ஆய்வுதான், ஆனாலும் அதன்பின் சிகிச்சை முறையே மாறியது. ரிஃபாம்பிசின் ஸ்டெஃபைலோகாக்கஸ் படலத்துக்குள் தூங்கும் கிருமியையும் தொடும். தனியாகக் கொடுத்தால் சில நாளிலேயே கிருமி அதற்குப் பழகிவிடும், அதனால் எப்போதும் இன்னொரு மருந்தோடு, அதுவும் கழுவிச் சுத்தம் செய்த பிறகுதான். அக்காவின் அந்த நாலு வாரத்தையும் மாத்திரைச் சுற்றுகளே தின்றுவிட்டன. மாத்திரை கொடுத்தவர் கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. கட்டு காய்ந்ததைப் பார்த்து அவரும் எங்களைப் போலவே நம்பியிருப்பார்.

மூட்டு மாற்றியவர்கள் யாரும் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது. நல்ல அரங்கில் செய்த முழங்கால், இடுப்பு மாற்றுகளில் தொற்று வருவது நூற்றில் ஒருவருக்கோ இருவருக்கோதான். முதல் சில நாள் லேசாகக் கசிவதும், மாதக்கணக்கில் முட்டி சற்றுச் சூடாக இருப்பதும் சாதாரணம். ஆனால் ஐந்தாறு நாள் தாண்டியும் கட்டுத்துணி நனைந்தால், அல்லது நன்றாக இருந்த மூட்டு ஓய்விலும் வலிக்கத் தொடங்கினால், பக்கத்து மருந்துக் கடையிலோ குடும்ப மருத்துவரிடமோ மாத்திரை வாங்கிப் போடாமல், அறுவை செய்தவரிடமே போக வேண்டும். போய், முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன் சாம்பிள் எடுத்தாயிற்றா என்று கேட்க வேண்டும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மயக்கம், ரத்த அழுத்தம் இறங்குவது என்று இருந்தால் காத்திருக்கவே கூடாது. அப்போது உயிர்தான் முக்கியம், உடனே மருந்து ஏற்ற வேண்டும். ரத்தக் கல்ச்சர் எடுக்க இரண்டு நிமிடம் போதும். அதேபோல், ஏற்கனவே போட்டுக்கொண்டிருக்கும் மருந்தை என் கடிதத்தைப் படித்துவிட்டு யாரும் தானாக நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்துவது என்பது உங்கள் மருத்துவர் சொல்ல வேண்டியது.

மருத்துவர்களிடம் ஒன்று கேட்கிறேன். லேப் சீட்டில் 'உள்ளே இம்ப்ளான்ட் உள்ளது, இந்தத் தேதி வரை இந்த மருந்து' என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத பத்து வினாடி ஆகும். அந்த ஒரு வரி இருந்தால் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் பிளேட்டை இரண்டாம் நாள் தூக்கிப்போட மாட்டாள், எபிடெர்மிடிஸைப் பார்த்துக் கலப்பு என்று ஒதுக்க மாட்டாள்.

சிறுநீர் வெளியேறச் செருகும் குழாய் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மூட்டு மாற்றுபவர்களைவிட அது போடப்படுபவர்கள் பல மடங்கு அதிகம். குழாய் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நூற்றுக்கு மூன்று முதல் ஏழு பேருக்குச் சிறுநீரில் கிருமி சேர்கிறது. அடைத்துக்கொண்டதால் எடுத்த குழாய் ஒன்றை ஒருமுறை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தோம். உள்ளே மணல் அப்பியதுபோல வெள்ளையாகச் சொரசொரவென்று இருந்தது. புரோட்டியஸ் என்ற கிருமி யூரியாவை உடைத்துச் சிறுநீரைக் காரமாக்கிவிடும். அதில் உப்புகள் படிகமாகிப் படலத்தோடு சேர்ந்து இறுகி, குழாயையே அடைக்கும். எந்த மாத்திரையும் அதைக் கரைக்காது. குழாயை எடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் தினமும் காலையில், இது இன்றைக்கும் தேவையா என்று நர்ஸிடம் தயங்காமல் கேளுங்கள். மறந்துபோய் விட்டுவைத்த குழாய்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

வெள்ளிப் பூச்சு, கிருமி ஒட்டாத பரப்பு, பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ்கள் என்று ஆராய்ச்சி நிறைய நடக்கிறது. நல்லது, நடக்கட்டும். அவை வரும்வரை நம் கையில் இருப்பது சரியான நேரத்தில் எடுத்த சாம்பிள்.

மூட்டு மாற்று பற்றி அடுத்த முறை எழுதும்போது அந்தக் கடைசி வரியை எடுத்துவிட்டு, தொற்று என்று சந்தேகம் வந்தால் மருந்துக்கு முன் சாம்பிள், அறுவை செய்தவரிடம் முதல் வாரத்திலேயே காட்டுவது, இந்த இரண்டையும் போடுங்கள். முடிந்தால் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் போடுங்கள். என் அக்கா கண்ணாடி இல்லாமல் தலைப்பு மட்டும்தான் படிப்பாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நுண்ணுயிரியல் லேப் டெக்னீஷியன்
(பெயரை வெளியிட வேண்டாம்)